முந்நூற்றுத் தொண்ணூற்றொரு கல்

ஆகஸ்ட் மாதம் பதினொன்றாம் நாள், திங்கட்கிழமை. தவறு செய்யாத ஒரு பேருந்து ஓட்டுநருக்குப் பத்தொன்பதாவது குறிப்பாணை அன்றுதான் வந்தது. அதைத் தட்டச்சு செய்தவர், சரிபார்த்தவர், கையெழுத்திட்டவர் ஆகிய மூவரில் ஒருவர்கூட, அந்தக் குறிப்பாணை எந்தச் சாலையைப் பற்றிப் பேசியதோ அந்தச் சாலையில் ஒரு நாளும் போனதில்லை. குறை இதுதான். இதில் கூட்டுவதற்கும் ஒன்றுமில்லை, குறைப்பதற்கும் ஒன்றுமில்லை.

குறிப்பாணை பேருந்து நிறுவனத்திலிருந்து பதிவஞ்சலில் வந்தது. நிறுவனத்துக்கும் ஓட்டுநரின் வீட்டுக்கும் இடையே நடந்து போனாலே பத்து நிமிடம்தான். பணிமனையில் அன்றாடம் பார்க்கிற மனிதரிடம் கையிலேயே கொடுத்திருக்கலாம். ஆனால், வீட்டுக்கு அனுப்பினால்தான் வீட்டாரும் படிப்பார்கள் என்பது மேலாளரின் கருத்து. அவர் நினைத்தபடியே நடந்தது. ஓட்டுநரின் மனைவி தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்து, கையெழுத்திட்டு வாங்கி, உறையின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் இம்மியும் பிசகாமல் வெட்டி, நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் மாடிப்படியின் கீழே போய் நின்று, "அண்ணா, சாப்பிட வா," என்றாள். அந்தக் குரலில் அவள் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

மாடியறையில் குடியிருந்தவர் அவளுடைய அண்ணன். மணம் செய்துகொள்ளாதவர். அதே பேருந்து நிறுவனத்தில் தொலைவுப் பிரிவின் எழுத்தர். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு சுவர்ப்படம், அவர், அவ்வளவுதான். சுவர்ப்படத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குண்டூசி. ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே சிவப்பு நூல். எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எவ்வளவு தொலைவு என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மற்ற நிறுவனத்தார்கூடத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். முப்பத்தோர் ஆண்டுகளாக அவருக்குக் 'கிலோமீட்டர்' என்றே பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கிலோமீட்டர் கீழே இறங்கினார். தட்டில் சோறும் பருப்பும் அவித்த முட்டையும் இருந்தன. தட்டுக்குப் பக்கத்தில் குறிப்பாணை இருந்தது.

"படிச்சுப் பாரு," என்றாள் தங்கை.

"சாப்பிட்டுட்டுப் படிக்கிறேனே."

"படிச்சா சாப்பாடு எறங்காதுன்னு உனக்கே தெரியுது பாரு."

அவர் படித்தார். ஒவ்வொரு நடையிலும் மூன்று மணி நேரத் தாமதம் கண்டறியப்பட்டுள்ளது. முப்பத்தாறு லிட்டர் டீசல் கூடுதலாகச் செலவாகியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது. வழித்தடத்தின் நீளம் இருநூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர் என மீண்டும் உறுதி செய்யப்பட்டுள்ளது. டீசல் திருட்டுக் குறித்த விசாரணை பதினான்காம் நாள், வியாழக்கிழமை நடைபெறும். குற்றம் மெய்ப்பட்டால் பணிநீக்கம். வாக்கியந்தோறும் செயல் இருந்தது, செய்தவர் இல்லை. 'யாரால்' என்ற சொல் நிற்க வேண்டிய இடம் வெற்றிடமாக இருந்தது. அந்த வெற்றிடத்துக்கு உரியவர் அப்போது பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"திருடுற ஆள் இல்ல அண்ணா அவரு," என்றாள் தங்கை. "பொத்தான் ஒண்ணு வாசல்ல கெடந்தாக்கூட யாருதுன்னு தெரு முழுக்கக் கேட்டுட்டு வர்ற மனுசன். அப்ப அந்த டீசல் எங்க போச்சு? தெனம் மூணு மணி நேரம் எங்க போச்சு? எனக்கு ஒண்ணு தோணுது. சொன்னா நீ சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"மலையடிவாரத்துல ஒரு டீக்கடை இருக்காம். நடத்துறது ஒரு பொம்பளையாம். கண்டக்டர் சம்சாரம் துணி தைக்கக் குடுக்க வந்தப்ப சொன்னா. 'எல்லா வண்டியும் அங்க நிக்கும். உங்க வீட்டுக்காரர் வண்டி நின்னா மட்டும் அந்தம்மா தானே எழுந்து ஓடி வருமாம்'னு சொல்லிட்டுச் சிரிச்சா. அளவெடுக்கும்போது ஊசியால குத்தியிருக்கணும் அவள."

"அம்பது பேர வண்டியில வெச்சுக்கிட்டா போய் மூணு மணி நேரம் உக்காருவாரு?"

"அப்ப நீ போட்ட நேரம் தப்பா?"

கிலோமீட்டர் முட்டையை இரண்டாகப் பிட்டார்.

"அஞ்சு மணி நேரம்னு போட்டது நீ. காலையில ஆறு மணிக்கு எடுத்தா பதினொண்ணுக்குத் துறைமுகம். டிக்கெட்லயே அச்சடிச்சிருக்கு. சின்னப் புள்ளையில அம்மா கடைக்கு அனுப்பினா, போக எத்தன அடி, வர எத்தன அடின்னு எண்ணிட்டு வருவியே, மறந்துட்டியா? நீ போட்ட கணக்கு இதுவரைக்கும் தப்பினதில்ல. நீ சரின்னா அவரு பொய். அவரு நெசம்னா நீ பொய். ரெண்டுல ஒண்ணுதான் அண்ணா. நான் யார நம்பட்டும்?"

"பருப்பு கொஞ்சம் ஊத்து," என்றார் அவர்.

அவள் ஊற்றினாள்.

நடந்தது இது. மே மாதத்தில் நிறுவனம் துறைமுக நகரத்துக்கு ஒரே ஒரு நேர்ப் பேருந்து விடுவதாக முடிவு செய்தது. அதுவரை மக்கள் வேறு நிறுவனங்களின் வண்டிகளில், நடுவில் மாறித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். சுவரொட்டி அச்சுக்குப் போக வேண்டும், மாலைக்குள் தொலைவும் நேரமும் வேண்டும் என்றார் மேலாளர். புதிய வழித்தடம் என்றால் எழுத்தர் ஒருமுறை வண்டியில் போய், சாலையோரக் கற்களைப் பார்த்துக் குறித்து வர வேண்டும் என்பது விதி. கிலோமீட்டர் அந்த விதியை ஒரு நாளும் கடைப்பிடித்ததில்லை. பேருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. தெருமுனை திரும்புவதற்குள் குமட்டும். அடுத்த தெருவில் வாந்தி வரும். ஊர் ஊராகத் தொலைவு தெரிந்த மனிதர் தம் வாழ்நாளில் எந்த ஊருக்கும் போனதில்லை. நெடுஞ்சாலைத் துறையின் பட்டியலைப் பார்த்தும், நடத்துநர்களிடம் எழுதி வாங்கியுமே பதிவேட்டை நிரப்பி வந்தார். இந்த வழிக்கு அன்று பட்டியலும் இல்லை; போய்வந்த நடத்துநரும் இல்லை. மேசையில் ஒரு நாட்குறிப்பு இருந்தது. விமானப் பயணச்சீட்டு முகவர் ஒருவர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஊர்களுக்கிடையிலான தொலைவுகள் அச்சிடப்பட்டிருந்தன. இரு நகரங்களுக்கும் நேராக 248 என்றிருந்தது. ஐம்பதால் வகுத்தார், ஐந்து மணி நேரம். எழுதிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

வண்டி ஓடத் தொடங்கிய நான்காம் நாள், வேறெதற்கோ அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது, அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல ஒரு வரி கண்ணில் பட்டது: 'மேற்கண்டவை வான்வழித் தொலைவுகள்.'

அன்றே சொல்லியிருந்தால் அது ஒரு பிழை. அழித்துத் திருத்தக்கூடிய பிழை. ஆனால் அதற்கு முந்தின நாள்தான் நிறுவனத்தின் ஆண்டு விழாவில் மேலாளர் அவரை மேடைக்கு அழைத்து, "தூரம் தெரிஞ்ச தலை நம்ம ஆபீஸ்ல இது ஒண்ணுதான்," என்று சொல்லி, எல்லாரும் கைதட்டியிருந்தார்கள். கைதட்டல் காதைவிட்டு இன்னும் இறங்கியிருக்கவில்லை. நாளை சொல்லலாம் என்று நினைத்தார். நாளைக்கு மறுநாள் முதல் குறிப்பாணை போய்விட்டது. போன பிறகு சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்கள். ஜூன் மாதத்தில் ஓட்டுநர், சாலைக் கற்களில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்றிருக்கிறது என எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் சரிபார்ப்புக்காகக் கிலோமீட்டரின் மேசைக்கே வந்தது. 'கற்கள் பழையவை, சாலை நேராக்கப்படுவதற்கு முன் நடப்பட்டவை' என்று அவர் எழுதி அனுப்பினார். அதை எழுதிய அன்று, சவர அலகால் நாட்குறிப்பின் அடிவரியை வெட்டி எடுத்தார். தூக்கி எறியக் கை வரவில்லை. ஒரு விரல் நீளத் தாள் அது. மூக்குக்கண்ணாடிப் பெட்டியின் துணிக்கு அடியில் செருகி வைத்தார். அன்று முதல் கண்ணாடியைப் பெட்டியில் வைப்பதையே விட்டுவிட்டார்.

பேருந்தின் மீட்டரைப் பார்த்தால் தெரிந்திராதா என்று கேட்கலாம். அந்த வண்டியின் மீட்டர் முள் இரண்டு ஆண்டுகளாக இருபதிலேயே படுத்துக் கிடந்தது; தூரம் காட்டும் எண்களும் அதோடு நின்றுபோயிருந்தன. அதைப் பழுது பார்க்கச் சொல்லி ஓட்டுநர் எழுதிய கடிதங்கள் ஏழு. அவற்றுக்குப் பதில் வரவில்லை.

சாப்பாடு முடிந்து அலுவலகம் திரும்பியவரை மேலாளர் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை விசாரணைக்கு உங்க சான்று ஒண்ணு வேணும். வழித்தடம் எரநூத்தி நாப்பத்தெட்டுன்னு ஒரே வரி. கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"அவரு என் தங்கச்சி வீட்டுக்காரர் சார்."

"அதனாலதான் உங்க கையெழுத்துக்கு மதிப்பு. சொந்தம்னு பாக்காம உண்மைய எழுதினாருன்னு நாளைக்கு நாலு பேரு சொல்லுவாங்க."

"வேற யாராவது..."

"வேற யாருக்கு இங்க தூரம் தெரியும்?"

கிலோமீட்டர் கையெழுத்திட்டார். அவருடைய கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். அன்றும் அழகாகவே இருந்தது.

மாலையில் வீடு திரும்பியபோது ஓட்டுநர் ஒரு வாளி வெந்நீரில் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலக்கால் கெண்டைச்சதை வீங்கியிருந்தது. உதடுகள் வெடித்திருந்தன. சற்று உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அந்த வீட்டில் அது ஒன்றுதான் அவரோடு பேசியது.

"உதடு ஏன் இப்படி இருக்கு மாப்பிள்ளை? தண்ணி குடிக்கறதில்லயா?"

"முந்தின நாள் சாயங்காலத்தோட நிறுத்திடுவேன் மச்சான். குடிச்சா வழியில எறங்கணும். எறங்கினா ஏழு நிமிசம் போயிடும்."

"ஒடம்பு கெட்டுடுமே."

"கெட்டா கெடட்டும். நேரம் கெடக் கூடாதில்ல." அவர் வாளித் தண்ணீரைக் காலால் மெல்லக் கலக்கினார். "கல்லப் பாத்து எழுதிக் குடுத்தேன். கல்லு பழசுன்னு பதில் வந்துச்சு. நீங்கதான் எழுதியிருந்தீங்களாமே. அப்புறம் நான் வாயத் தெறக்கல. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் ஓட்டத் தெரியல போல. இருபத்திரெண்டு வருசம் ஓட்டிட்டேன். இப்ப வயசாயிடுச்சோ என்னவோ. அமுக்குறேன்னு நெனைக்கிறேன், கால் அமுங்குறதில்லயோ என்னமோ."

கிலோமீட்டர் வாளியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

தையல் இயந்திரம் நின்றது. "முன்னெல்லாம், 'நான் என்ன பறந்தா வர முடியும்'னு கேப்பாரு," என்றாள் தங்கை, அண்ணனைப் பார்த்து. "இப்ப அதுவும் கேக்கறதில்ல. அண்ணா, நாளைக்கு நான் அந்த வண்டியில போகப் போறேன்."

"எங்க?"

"துறைமுகத்துக்கு. அந்த டீக்கடைய என் கண்ணால பாக்கணும். வெள்ளைக்காகிதம் வந்து சொல்லி நான் எத நம்பறது? நீயும் கூட வா."

"எனக்கு வண்டி ஒத்துக்காதுன்னு தெரியும்ல."

"தெரியும். பிளாஸ்டிக் உள்வெச்சுப் பத்துப் பை தைச்சுத் தரேன். போதாதுன்னா பதினஞ்சு."

ஓட்டுநர் சிரித்தார். அவருடைய சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கிலோமீட்டருக்கு நினைவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வருவதாகத் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி புறப்பட்டது. அண்ணனும் தங்கையும் பின்னாலிருந்து மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் ஏறும்போது முன்னிருக்கையிலிருந்த ஒருவர், "டீசல் வந்தாச்சு, வண்டி எடுக்கலாம்," என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். தன் கணவருக்கு ஊரில் அப்படி ஒரு பெயர் உண்டு என்பது தங்கைக்கு அப்போதுதான் தெரியவந்தது. அவள் கைப்பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டிரைவர் சார், டிக்கெட்ல பதினொண்ணுன்னு போட்டிருக்கே, அது இன்னைக்குப் பதினொண்ணா, நாளைக்குப் பதினொண்ணா?" என்று மற்றொருவர் கேட்டார்.

ஓட்டுநர் திரும்பவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், கியரைப் போட்டார்.

நகரத்தின் கடைசித் தெரு முடிந்து, பழைய இரும்புக் கடைகளும் மரக் கிடங்குகளும் கடந்ததும், சாலையின் இடப்புறம் ஒரு கல் வந்தது. வெள்ளைக் கல், கறுப்பு எழுத்து. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் படிக்கக்கூடிய கல்.

"அண்ணா, துறைமுகம் முன்னூத்தி எம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. அவரு சொன்ன கல்லு இதுதானா?"

"அது பழைய கல்லு."

"ஓ," என்றாள் அவள்.

சற்றுப் பொறுத்து முந்நூற்று எண்பத்தேழு வந்தது. பிறகு எண்பத்தாறு. கிலோமீட்டர் முதல் பையைத் திறந்தார்.

வண்டி ஒரு பெரிய ஏரியை வந்தடைந்தது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. விமானத்துக்கு அது இரண்டு நிமிடம். பேருந்து அதன் கரையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் போயிற்று. நடுவில் ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய ஒரு பாலம். கொடி பிடித்தவர் எதிர்ப்புற லாரிகள் பதினேழையும் விட்ட பிறகே பச்சைக் கொடியை அசைத்தார். அதற்கப்பால் மலை. கொண்டை ஊசி வளைவுகள் முப்பத்தொன்று. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் எழுந்து நிற்பவர்போல உடம்பை முன்னே தள்ளிச் சக்கரத்தை ஒடித்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகுச் சட்டை மட்டும் தெரிந்தது. அது முதல் வளைவில் உலர்ந்திருந்தது, பத்தாவது வளைவில் தோலோடு ஒட்டிக்கொண்டது. சுவர்ப்படத்தில் அந்த மலை ஒரு பழுப்புத் தீற்றல். அதன்மேல் சிவப்பு நூலை இழுத்துக் கட்டியது தம் கைதான் என்பது கிலோமீட்டருக்கு நினைவு வந்தது. ஐந்தாவது பையைத் திறந்தார்.

தங்கை அவர் முதுகைத் தடவிக்கொண்டே சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் வழிபாடு எதுவும் செய்யவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள். வேலை இல்லாதபோது எதையாவது எண்ணுவது அந்தக் குடும்பத்தின் பழக்கம்.

மலை இறங்கியதும் அடிவாரத்தில் டீக்கடை வந்தது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. வண்டி வேகம் குறைந்த உடனேயே கடைக்காரப் பெண் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு ஓட்டுநரின் சன்னலை நோக்கி ஓடி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், முழங்கைவரை நனைந்திருந்தாள்.

"இன்னைக்கு அஞ்சு நிமிசம் நிக்கும்," என்றார் ஓட்டுநர் உள்ளே திரும்பி. "என் மச்சானுக்கு ஒடம்பு முடியல. முகம் கழுவிட்டு வரட்டும்."

தங்கை அண்ணனைக் கைத்தாங்கலாக இறக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். பிறகு கடைக்காரப் பெண்ணின் எதிரே போய் நின்றாள். எண்பத்து நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளில் எதைக் கேட்பது என்று தெரியாமல், "இந்த டிரைவர் இங்க ரொம்ப நேரம் இருப்பாரா?" என்றாள்.

"யாரு, இவரா? இவரு எறங்கியே நான் பாத்ததில்லம்மா. எல்லா டிரைவரும் உக்காந்து சாப்பிட்டு, காலை நீட்டிட்டுத்தான் போவாங்க. இவருக்கு மட்டும் நான் ஓடணும். சன்னல்ல நீட்டினா பாதி டம்ளர் குடிப்பாரு. மீதியத் திருப்பிக் குடுத்துட்டு வண்டிய எடுத்துடுவாரு. வாய நனைச்சாப் போதும்பாரு. யாரு பெத்த புள்ளையோ, இவர இப்படி வெரட்டுறவங்க நல்லா இருப்பாங்களா?" பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க?" என்றாள்.

"நான் அவரு சம்சாரம்."

"அப்ப நீங்களாச்சும் சொல்லக் கூடாதாம்மா? சோத்த வெச்சுட்டு வேடிக்கையா பாக்கறீங்க?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சுக்கு வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு கல் இருந்தது. நூற்று எழுபது.

"மணி பத்தரை," என்றாள். "உன் கணக்குப்படி இன்னும் அரை மணியில துறைமுகம்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கல்லெல்லாம் பழசுன்னு சொன்னல்ல அண்ணா. சாலைய நேராக்கினாங்க, தூரம் கொறஞ்சுடுச்சு, கல்லு மட்டும் அப்படியே இருக்குன்னு."

"ம்."

அவள் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். அவள் எங்கே போனாலும் அது கூடப் போகும். அதை மடியில் நீட்டினாள். "இந்த நாடாவுல நடுவுல ஒரு சாண் வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேத்துத் தைச்சேன்னு வெச்சுக்க. நீளம் கொறையும். சரி. ஆனா எண்ணு என்ன ஆகும்? முப்பதுக்கு அடுத்தாப்புல அம்பது வரும். நடுவுல உள்ளது காணாமப் போயிருக்கும். இல்லயா?"

அவர் நாடாவைப் பார்த்தார்.

"முன்னூத்தி எம்பத்தெட்டுல ஆரம்பிச்சேன். நூத்தி எழுபது வரைக்கும் வந்துட்டேன். ரெண்டு கல்லு சாஞ்சு கெடந்துச்சு, எண்ணு தெரியல. மத்தபடி ஒண்ணுகூட விட்டுப் போகல. எங்க வெட்டினாங்க அண்ணா? எந்த எடத்துல?"

கிலோமீட்டருக்கு அதற்கு ஒரு பொய் தேவைப்பட்டது. முப்பத்தோர் ஆண்டுகளாக எண்களோடு வாழ்ந்த தலையில் அந்த நேரத்துக்கு ஒரு பொய்யும் அகப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்தார். துணியைத் தூக்கி, அந்தத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். "நான்தான் வெட்டினேன்," என்றார். "சாலைய இல்ல. இத."

அவள் படித்தாள். நான்கு சொற்கூட இல்லாத வரி. படிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வெட்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய தொழிற்பழக்கம், நேராகத்தான் இருந்தது.

"ஏரோப்ளேன் போற தூரமா?"

"ஆமா."

"எப்பத் தெரியும்?"

"நாலாம் நாளே."

"மெமோவெல்லாம் வந்தப்ப? நேத்து நான் சோறு போட்டப்ப?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"எம்பத்து நாலு நாளா அவரு முகத்தப் பாத்து நான் பேசல அண்ணா. 'நீ சரின்னா அவரு பொய்'னு உன் தட்டுக்கு முன்னாடி உக்காந்து சொன்னேன். நீ பருப்பு கேட்ட."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். நாடாவைச் சுருட்டினாள், அந்தத் தாளை அதற்குள் வைத்து மேலே ஒரு குண்டூசி குத்தினாள். கடையில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய், வண்டியில் ஏறி, ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் நின்றாள்.

"குடிங்க," என்றாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"குடிங்க. நேரந்தான் தப்பு. நீங்க இல்ல."

பெஞ்சிலிருந்து கிலோமீட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் தண்ணீரைக் குடித்தார். நிறுத்தாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

மீதி நூற்று எழுபது கல்லுக்கும் கிலோமீட்டருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தங்கை முன்பக்கம் எஞ்சின் மூடிக்கு அருகே உட்கார்ந்துவிட்டாள். பையைத் திறந்து பிடிக்கவோ முதுகைத் தடவவோ ஆளில்லை. ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கல்லும் தன் எண்ணை விட்டுக் கொடுக்கவில்லை. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் துறைமுக நிலையத்தில் வண்டி நின்றது. இறங்கிய பயணிகளில் ஒருவர், "டீசல், கப்பலே போயிருக்கும்யா உன்னால," என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுப் போனார். கிலோமீட்டர் அதைக் கேட்டுக்கொண்டே, கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார்.

நிலையத்துக் குழாயடியில் அவர் உட்கார்ந்திருந்தபோது ஓட்டுநர் வந்தார். கையில் சட்டையைக் கழற்றி வைத்திருந்தார். திட்டப் போகிறார் என்று கிலோமீட்டர் எதிர்பார்த்தார். உள்ளூர அதைத்தான் விரும்பவும் செய்தார்.

"மாப்பிள்ளை, நான்..."

"அவ சொன்னா."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் மச்சான். அந்தத் தாள வெட்டும்போது, வண்டிய ஓட்டுறது நான்தான்னு நெனப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ஓட்டுநர் தலையை ஆட்டினார், வழி கேட்டவருக்கு வழி தெரிந்ததுபோல. சட்டையைக் குழாயில் நனைத்துப் பிழிந்தார். போகத் திரும்பியவர் நின்றார்.

"நாளைக்குத் திரும்பும்போது முன் சீட்டுல உக்காருங்க. பின்னாடி உக்காந்தா தூக்கிப் போடும். முன்னாடி சாலை தெரியும். சாலை தெரிஞ்சா அவ்வளவு குமட்டாது."

அந்தச் சொற்களை வாங்கிக்கொள்ள அவருக்கு முகம் இல்லை. ஆனாலும் புதன்கிழமை முன்னிருக்கையில்தான் உட்கார்ந்தார். குமட்டல் குறைந்திருந்தது. சாலை முழுவதும் தெரிந்தது. பாலத்தில் காத்திருந்த நிமிடங்களையும், வளைவுகளில் ஓட்டுநரின் வலக்கால் எத்தனை முறை அமுங்கிற்று என்பதையும் எண்ணிக்கொண்டே வந்தார். அமுங்காத முறை ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை விசாரணையில் அவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். சான்றைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு, அதே மேசையில் வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'தொலைவு என்னால் தவறாக எழுதப்பட்டது. அடிக்குறிப்பு என்னால் வெட்டப்பட்டது. கற்களைப் பற்றிய பொய் என்னால் எழுதப்பட்டது.' தங்கையிடமிருந்து வாங்கி வந்த துண்டுத் தாளையும் அதோடு குண்டூசியால் குத்தி வைத்தார்.

மேலாளர் படித்துவிட்டு நெடுநேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "உட்காருங்க, உட்காருங்க. இது வெளிய போனா நிறுவனத்துக்குத்தான் கேவலம். தூரத்தத் திருத்திடுவோம். ஒண்ணாந் தேதியிலேருந்து எட்டு மணி நேரம். முடிஞ்சது."

"அவருக்குக் குடுத்த பத்தொன்பது மெமோ?"

"கைவிட்டாச்சுன்னு போட்டுடலாம்."

"அவரு திருடலன்னு போடணும் சார்."

"திருடலன்னு போட்டா, திருடினதா நாம சொன்னது தப்புன்னு ஆகும்ல," என்றார் மேலாளர். சிவப்புப் பென்சிலை எடுத்து, கிலோமீட்டர் எழுதிய மூன்று வாக்கியங்களிலும் 'என்னால்' என்ற சொல்லை மட்டும் அடித்தார். "வாக்கியம் இது இல்லாமலே முழுசாத்தான் இருக்கு," என்றார்.

செப்டம்பர் முதல் நாள் புதிய அட்டவணை ஒட்டப்பட்டது. 'தொலைவு திருத்தப்பட்டது' என்று அடியில் ஒரு வரி இருந்தது. பத்தொன்பது குறிப்பாணைகளும் கோப்பில் அப்படியே இருக்கின்றன. ஓட்டுநர் இரண்டு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறார். டீக்கடையில் இறங்கி உட்கார்ந்து முழு டம்ளரும் குடிக்கிறார். தங்கை அண்ணனுக்கு இன்னும் சோறு போடுகிறாள். அவரிடம் எண்களைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. பணிமனையில் எழுத்தரைக் 'கிலோமீட்டர்' என்று மரியாதையாகவே கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓட்டுநரை 'டீசல்' என்று கூப்பிடுகிறார்கள். காரணம் கேட்டால் பழகிவிட்டது என்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கிறார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலும் ஓர் அட்டவணை தொங்கும். நாளைக் காலை அதன் முன்னால் போய் நில்லுங்கள். இதை அளந்தவர் யார், அவர் இந்தச் சாலையில் என்றைக்குப் போனார் என்று கேளுங்கள். 'அளக்கப்பட்டது' என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள், பெயரைக் கேளுங்கள். பெயர் கிடைக்கும்வரை, நேரம் கடந்து வந்து இறங்கும் ஓட்டுநரிடம் மணி என்ன என்று கேட்காதீர்கள். அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.